அரியலூர் மாவட்டம்: ஒன்பதாம் வகுப்புக்கு எந்த அரசுப் பள்ளி?

#1 முந்திரிக்கொல்லை
17 மே 2025, காலை 10.20

வணக்கம். செந்துறைக்கும் ஜெயங்கொண்டத்துக்கும் நடுவில் ஒரு சின்ன ஊர் எங்களுடையது. மகள் ஊரிலேயே ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் எட்டாம் வகுப்பு முடித்துவிட்டாள். அங்கே எட்டோடு சரி. ஒன்பதாம் வகுப்புக்கு வெளியே அனுப்பியாக வேண்டும்.

பக்கத்து ஊரில் அரசு உயர்நிலைப் பள்ளி இருக்கிறது. வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டர். பத்தாம் வகுப்பு வரைதான். நேற்று ரிசல்ட் வந்ததும் வாசலில் "100% தேர்ச்சி" என்று பேனர் கட்டிவிட்டார்கள். இன்னொன்று டவுனில் இருக்கும் அரசு மேல்நிலைப் பள்ளி. பதினோரு கிலோமீட்டர், பஸ்ஸில் போக வேண்டும். பெரிய பள்ளி, பன்னிரண்டு வரை எல்லா குரூப்பும் உண்டு, ஆனால் தேர்ச்சி நூறு இல்லை. மூன்றாவது, அதே டவுனில் அரசு உதவி பெறும் பெண்கள் பள்ளி. என் அண்ணி அங்கே படித்தவர், கட்டுப்பாடு நன்றாக இருக்கும் என்கிறார். தங்கிப் படிக்கும் அரசு மாதிரிப் பள்ளிக்கு முயற்சி பண்ணச் சொல்லி எட்டாம் வகுப்பு டீச்சரும் ஒரு வார்த்தை சொன்னார்கள்.

வீட்டுக்காரருக்குத் திருப்பூரில் வேலை. முடிவெடுக்க வேண்டியது நான்தான். நான் பத்தாவதோடு நின்றவள், அதனால் எதை வைத்து ஒரு பள்ளியை எடை போடுவது என்றே தெரியவில்லை. பாப்பாவுக்குக் கணக்கு நன்றாக வரும். இந்தப் பக்கத்துப் பெற்றோர்கள், ஆசிரியர்கள் யாராவது சொல்லுங்கள்.

#2 உடையார்பாளையம்_குவைத்
17 மே 2025, மதியம் 1.05

இதில் யோசிக்க என்ன இருக்கிறது அக்கா? வீட்டுப் பக்கத்திலேயே நூற்றுக்கு நூறு காட்டுகிற பள்ளி. அங்கே சேர்த்துவிட்டு நிம்மதியாக இருங்கள். கையில் கொஞ்சம் பணம் புரட்ட முடியுமென்றால் நாமக்கல் பக்கம் ஹாஸ்டலோடு இருக்கும் தனியார் பள்ளியில் போட்டுவிடுங்கள். என் அண்ணன் பையனை அப்படித்தான் போட்டோம். அரசுப் பள்ளியில் எது நல்லது என்று தேடுவதே வீண் அலைச்சல் என்பது என் கருத்து.

#3 ஓய்வுபெற்ற_கணக்காசிரியர்
17 மே 2025, மாலை 6.40

அம்மா, இந்த மாவட்டத்திலும் பக்கத்து மாவட்டத்திலுமாக 31 வருடம் அரசுப் பள்ளிகளில் கணக்கு எடுத்தவன் நான். பேனரைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அது பொய் என்று சொல்லவில்லை. அதைக் கொண்டு இரண்டு பள்ளிகளைப் பிரித்துப் பார்க்க முடியாது என்றுதான் சொல்கிறேன்.

நம் மாவட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2024 பத்தாம் வகுப்புத் தேர்வில் 97.31 சதவீதத்தோடு மாநிலத்தில் அரியலூர்தான் முதலிடம். இந்த மாதம் வந்த பன்னிரண்டாம் வகுப்பு முடிவிலும் 98.82 சதவீதம், அதுவும் முதலிடம். கல்வியில் பின்தங்கிய மாவட்டம் என்று கேட்டுக் கேட்டுச் சலித்த எனக்கு இதில் எவ்வளவு சந்தோஷம் என்று சொல்லி முடியாது. ஆனால் மாவட்டமே 98ல் நிற்கும்போது ஒரு பள்ளி 100, இன்னொன்று 96 என்பதில் என்ன தெரிந்துவிடும்? சின்னப் பள்ளியில் முப்பது பேர் எழுதினால் ஒரே ஒரு பிள்ளை தவறினாலும் மூன்று சதவீதத்துக்கு மேல் இறங்கிவிடும். இருநூறு பேர் எழுதும் பள்ளியில் ஏழு பேர் தவறினால்தான் அந்த இறக்கம்.

அதைவிட முக்கியமான கணக்கு ஒன்று இருக்கிறது. ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தவர்கள் எத்தனை பேர், அதில் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதியவர்கள் எத்தனை பேர்? எட்டு வரைக்கும் யாரையும் நிறுத்தி வைக்க முடியாது. ஒன்பதில் முடியும். சதவீதத்துக்குப் பயந்து, எழுதப் படிக்கத் தடுமாறுகிற பையனை ஒன்பதிலேயே நிறுத்திவிடுவார்கள், இல்லையென்றால் "டுடோரியலில் சேர்ந்து தனியாக எழுதட்டும்" என்று அப்பாவைக் கூப்பிட்டு டிசியைக் கையில் கொடுத்துவிடுவார்கள். நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் அப்படி அனுப்பப்பட்ட பையன் ஒருவனை அடுத்த வாரமே செங்கல் சூளையில் பார்த்தேன். என்னைப் பார்த்ததும் கையில் இருந்த கல்லைக் கீழே வைத்துவிட்டு "வணக்கம் சார்" என்றான். அந்த வருடம் எங்கள் பள்ளி நூற்றுக்கு நூறு. மேடையேறிக் கேடயம் வாங்கியவர்களில் நானும் ஒருவன். இன்று வரை அது என் மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

இந்தக் கணக்கை நீங்களே பார்க்கலாம். ஒவ்வொரு பள்ளிக்கும் 11 இலக்கத்தில் யூடைஸ் எண் ஒன்று உண்டு. அதைப் போட்டுத் தேடினால் பள்ளியின் அறிக்கை அட்டை கிடைக்கும். எந்த வகுப்பில் எத்தனை பிள்ளைகள், ஆசிரியர்கள் எத்தனை பேர், கழிப்பறை எத்தனை என்று எல்லாம் அதில் இருக்கும். ஒரு வருடத்து ஒன்பதாம் வகுப்பு எண்ணிக்கையையும் அதற்கடுத்த வருடத்துப் பத்தாம் வகுப்பு எண்ணிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்றிரண்டு குறைந்தால் குடும்பம் ஊர் மாறிப் போயிருக்கும். ஏழெட்டு குறைந்தால் ஏன் என்று கேட்க வேண்டும்.

#4 ஆண்டிமடம்_டீச்சர்
17 மே 2025, இரவு 9.15

சார் சொன்னதில் பாதியை ஒத்துக்கொள்கிறேன். மீதிக்கு என் பக்கத்தையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் இப்போதும் ஓர் உயர்நிலைப் பள்ளியில்தான் வேலை பார்க்கிறேன்.

எல்லா நூறும் பிள்ளைகளைக் கழித்துவிட்டு வந்த நூறு இல்லை. எங்கள் பள்ளியில் டிசம்பரிலிருந்து மாலை ஐந்தரை வரை சிறப்பு வகுப்பு. மெல்லக் கற்கும் மாணவர்களைத் தனியாக உட்கார வைத்து, சமூக அறிவியலில் வரைபடத்தையும் கணக்கில் கிராஃபையும் ஜியோமிதியையும் திரும்பத் திரும்பப் போட வைப்போம். காலையில் சாப்பிடாமல் வருகிற பிள்ளைகளுக்கு நாங்கள் ஆசிரியர்களே காசு போட்டு சுண்டல் அவித்துக் கொடுத்தோம். அரசின் காலை உணவு ஐந்தாம் வகுப்பு வரைதானே. ஒரு பையன் 35 எடுத்துத் தாண்டுவதற்குப் பின்னால் நான்கு மாத உழைப்பு இருக்கிறது. அதைப் பேனரில் போட்டால் தப்பில்லை.

அக்கா, நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி வேறு. "பத்தாம் வகுப்புக்குக் கணக்கும் அறிவியலும் எடுப்பவர் நிரந்தர ஆசிரியரா?" உயர்நிலைப் பள்ளியில் பொதுவாகப் பாடத்துக்கு ஒரு பட்டதாரி ஆசிரியர்தான் இருப்பார். அந்த ஓர் இடம் காலியானால் அந்தப் பாடத்துக்கே ஆள் இல்லை. பெரிய மேல்நிலைப் பள்ளியில் கணக்குக்கே மூன்று நான்கு பேர் இருப்பார்கள், ஒருவர் போனாலும் வண்டி ஓடும். காலியிடத்துக்குப் பள்ளி மேலாண்மைக் குழு மூலம் தற்காலிக ஆசிரியர் போடுவார்கள். பட்டதாரி ஆசிரியருக்கு மாதம் 15,000 ரூபாய் தொகுப்பூதியம். அப்படி வருகிறவர்களில் அருமையாக நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் எப்போது வருவார்கள், எத்தனை மாதம் இருப்பார்கள் என்பதற்கு உறுதி இல்லை.

இன்னொன்று. மாற்றுப்பணி, பணிநிரவல், பொது மாறுதல் கலந்தாய்வு என்று மூன்று வார்த்தை இருக்கிறது, மூன்றுமே ஆசிரியர் வேறு பள்ளிக்குப் போகிற வழிகள். இன்று நீங்கள் போய்ப் பார்த்துப் பேசுகிற கணக்கு ஆசிரியர் பள்ளி திறந்து இரண்டு மாதத்தில் வேறு ஊரில் இருக்கலாம். அதனால் "இங்கே வந்து எத்தனை வருடம் ஆகிறது, மாறுதலுக்கு விண்ணப்பித்திருக்கிறாரா" என்று நைசாக விசாரியுங்கள்.

#5 மூன்றாமாண்டு_மெக்கானிக்கல்
18 மே 2025, காலை 8.50

அக்கா, நான் தா.பழூர் ஒன்றியத்து அரசுப் பள்ளிகளில் படித்தவன். இப்போது பொறியியல் மூன்றாம் ஆண்டு, அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் சேர்ந்தேன். கல்லூரிக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசே கட்டுகிறது. அப்பாவுக்கு ஒரு ரூபாய்கூடச் செலவில்லை.

அதனால் இதை நீங்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த ஒதுக்கீடு 2020ல் மருத்துவத்துக்கும் 2021ல் பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற படிப்புகளுக்கும் வந்தது. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். அரசு உதவி பெறும் பள்ளி இதில் வராது. பெயரில் "அரசு" என்று இருப்பதால் பல பேர் ஏமாந்துவிடுகிறார்கள். என்னோடு எட்டு வரை படித்த பெண் ஒன்பதாம் வகுப்புக்கு உதவி பெறும் பள்ளிக்குப் போனாள். ப்ளஸ் டூவில் என்னைவிட 40 மதிப்பெண் கூட. ஆனால் கவுன்சலிங்கில் நான் உட்கார்ந்த வரிசையில் அவளால் உட்கார முடியவில்லை. அவள் அப்பா ஆன்லைன் சென்டரில் நின்றுகொண்டு, "நாலு வருசத்துக்கு முன்னால இப்படி ஒன்னு வரும்னு தெரிஞ்சிருந்தா அரசுப் பள்ளியிலயே விட்டிருப்பேனே" என்றார். அதனால்தான் முன்கூட்டியே சொல்கிறேன். உங்கள் பாப்பாவுக்கு வேறு கணக்கு வரும் என்கிறீர்கள். நீட் தேர்வால் மருத்துவ இடம் கிடைக்காமல் போன குழுமூர் அனிதா நம் செந்துறை வட்டாரத்துப் பெண். அவர் காலத்தில் இந்த வாசல் இல்லை. இப்போது அரியலூரிலேயே 150 இடங்களோடு அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. இருக்கிற வாசலை நாமே அடைத்துக்கொள்ளக் கூடாது.

குறையையும் சொல்லிவிடுகிறேன். ப்ளஸ் ஒன்னில் எங்களுக்கு நவம்பர் வரை இயற்பியலுக்கு ஆசிரியர் கிடையாது. வேதியியல் சார்தான் இரண்டையும் சேர்த்து நடத்தினார். அதனால் மேல்நிலைப் பள்ளி என்று போர்டு இருந்தாலே போதும் என்று நினைக்காதீர்கள். எந்தெந்த குரூப் இருக்கிறது, அதற்கு முதுகலை ஆசிரியர்கள் முழுசாக இருக்கிறார்களா என்று பாருங்கள். கணக்கும் அறிவியலும் சேர்ந்த முதல் குரூப் இல்லாத மேல்நிலைப் பள்ளிகளும் கிராமங்களில் உண்டு.

#6 திருமானூர்_பொண்ணு
18 மே 2025, காலை 11.30

தம்பி சொன்னது சரிதான். ஆனால் உதவி பெறும் பள்ளியை ஒரேயடியாகத் தள்ளிவிட வேண்டாம். நான் அப்படி ஒரு பெண்கள் பள்ளியில் படித்தவள். அங்கே ஆசிரியர்களுக்கு அடிக்கடி மாறுதல் கிடையாது. ஆறாம் வகுப்பில் எனக்குத் தமிழ் எடுத்த அதே டீச்சர்தான் பன்னிரண்டிலும். வீட்டில் என்ன நடக்கிறது என்பது வரை அவர்களுக்குத் தெரியும். ப்ளஸ் ஒன் படிக்கும்போது எனக்கு மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்தார்கள். ஒரு வாரம் நான் பள்ளிக்கு வரவில்லை என்றதும் டீச்சர் டவுன் பஸ் பிடித்து வீட்டுக்கே வந்துவிட்டார். திண்ணையில் உட்கார்ந்து அப்பாவிடம் ஒரு மணி நேரம் பேசினார். மோர் கொடுத்தும் குடிக்கவில்லை, "அவள அனுப்புறேன்னு சொல்லுங்க, குடிக்கிறேன்" என்றார். இன்று நான் நர்ஸ்.

எல்லாரும் டாக்டருக்கும் இன்ஜினியருக்கும் போவதில்லை. பாதி வழியில் நிற்காமல் பன்னிரண்டு முடிப்பதே நம் ஊர்ப் பெண்களுக்குப் பெரிய விஷயம். ஆனால் ஒன்று, உதவி பெறும் பள்ளிக்குப் போனால், கல்லூரி படிக்கும்போது அரசு மாதாமாதம் கொடுக்கும் புதுமைப் பெண் ஆயிரம் ரூபாயும் கிடைக்காது என்பார்கள். அதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

#7 ஆண்டிமடம்_டீச்சர்
18 மே 2025, மதியம் 2.10

திருமானூர்த் தங்கச்சிக்கு ஒரு திருத்தம். புதுமைப் பெண் 2022ல் தொடங்கியபோது ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மட்டும்தான் இருந்தது. 2024லிருந்து அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்த பெண்களுக்கும் மாதம் 1,000 ரூபாய் உண்டு. 7.5 ஒதுக்கீடுதான் இல்லை. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

முந்திரிக்கொல்லை அக்கா, பாப்பா எட்டாம் வகுப்பில் மத்திய அரசு உதவித்தொகைக்கான என்எம்எம்எஸ் தேர்வு எழுதினாளா?

#8 முந்திரிக்கொல்லை
18 மே 2025, மாலை 4.00

எழுதினாள் டீச்சர், பாஸாகிவிட்டாள். வருடம் 12,000 ரூபாய் வரும் என்று சொன்னார்கள். பள்ளியில் கொடுத்த சான்றை வைத்து பேங்க்கில் கணக்கும் தொடங்கியாயிற்று. ஏன் கேட்கிறீர்கள்?

#9 ஆண்டிமடம்_டீச்சர்
18 மே 2025, மாலை 5.25

வாழ்த்துகள் சொல்லுங்கள் பாப்பாவுக்கு! அது சின்ன விஷயம் இல்லை. ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை நான்கு வருடம், மொத்தம் 48,000 ரூபாய். அரசுப் பள்ளியிலோ உதவி பெறும் பள்ளியிலோ தொடர்ந்து படித்தால் கிடைக்கும். தனியார் பள்ளிக்குப் போனால் நின்றுவிடும். குவைத் அண்ணன் சொன்ன நாமக்கல் யோசனையில் இதுவும் போகும், 7.5ம் போகும்.

மாதிரிப் பள்ளி விஷயத்திலும் இதைப் பார்க்க வேண்டும். 38 மாவட்டங்களிலும் மாதிரிப் பள்ளி இருக்கிறது. தங்கிப் படிக்கலாம், ஐஐடி, என்ஐடி போன்ற இடங்களுக்கு அங்கிருந்து போகிறார்கள், நல்ல வாய்ப்பு. ஆனால் தங்குமிடமும் சாப்பாடும் அரசே கொடுக்கும் உறைவிடப் பள்ளியில் படிப்பவர்களுக்கு என்எம்எம்எஸ் தொகை கிடையாது என்பது அந்தத் திட்டத்தின் விதி. பணத்துக்காக மாதிரிப் பள்ளியை விடச் சொல்லவில்லை. தெரிந்து முடிவெடுங்கள். பதின்மூன்று வயதில் அவளால் வீட்டை விட்டு இருக்க முடியுமா என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

அப்புறம், ஒன்பதாம் வகுப்பு சேர்ந்ததும் ஊரகத் திறனாய்வுத் தேர்வு வரும், டிரஸ்ட் தேர்வு என்போம். மாவட்டத்துக்கு 50 பெண்கள், 50 ஆண்கள் எடுப்பார்கள். வருடம் 1,000 ரூபாய்தான், ஆனால் அதற்குப் படிக்கிற படிப்பு பத்தாம் வகுப்புக்கு அப்படியே உதவும். நகராட்சிப் பகுதிப் பள்ளிகளில் படித்தால் எழுத முடியாது. டவுன் பள்ளி எந்த எல்லையில் இருக்கிறது என்று பாருங்கள்.

#10 சுண்ணாம்புக்கல்_ரோடு
18 மே 2025, இரவு 8.45

எல்லாரும் படிப்பைப் பற்றிப் பேசிவிட்டீர்கள், நான் வழியைப் பற்றிச் சொல்கிறேன். எங்கள் பகுதியில் சிமெண்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிக்கொண்டு லாரி லாரியாகப் போகும். ரோட்டோரம் முழங்கால் உயரத்துக்குச் செடியெல்லாம் வெள்ளையாக இருக்கும். என் பெரிய மகள் ப்ளஸ் ஒன்னில் கொடுத்த சைக்கிளில் அந்த ரோட்டில்தான் போய் வந்தாள். முதல் மாதம் நான் டிவிஎஸ்ஸில் பின்னாலேயே போனேன். லாரி தாண்டும்போதெல்லாம் சைக்கிளை விட்டு இறங்கி, தாவணியை இழுத்துப் பிடித்துக்கொண்டு மண்ணில் ஒதுங்கி நிற்பாள். புழுதி அடங்கினதும் மறுபடி ஏறுவாள். ஐந்து கிலோமீட்டருக்குள் பதினான்கு தடவை இறங்கினாள், எண்ணினேன். பள்ளி வாசலில் போய் நிற்கும்போது புருவமெல்லாம் வெள்ளை. அன்றைக்கே பஸ்ஸுக்கு மாற்றிவிட்டேன்.

பஸ்ஸிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. காலையில் போவதற்கு பஸ் இருக்கும், இலவசம்தான். சிறப்பு வகுப்பு முடிந்து ஐந்தரைக்கு வெளியே வந்தால் அடுத்த பஸ் எத்தனை மணிக்கு? எங்களுக்கு ஏழு மணிக்குத்தான். டிசம்பர், ஜனவரியில் அதற்குள் இருட்டிவிடும். என் மகளோடு படித்த இரண்டு பேர் படிப்பு வராமல் நிற்கவில்லை, அந்த ஏழு மணி பஸ்ஸால் நின்றார்கள். நீங்கள் ஒருநாள் சாயங்காலம் ஐந்தரைக்கு டவுன் பஸ் ஸ்டாண்டில் போய் நின்று பாருங்கள் அக்கா. காலையில் போய்ப் பார்த்தால் எல்லாம் நன்றாகத்தான் இருக்கும்.

#11 ஓய்வுபெற்ற_கணக்காசிரியர்
19 மே 2025, காலை 7.30

மேலே சொன்னவர் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. நான் சொல்ல விட்டுப்போனது அது.

பள்ளிக்கு நேரில் போகும்போது தலைமையாசிரியரைப் பார்த்துப் பேசுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதோடு ஆய்வகத்தையும் பாருங்கள். பத்தாம் வகுப்பு அறிவியலில் எழுத்துத் தேர்வு 75, செய்முறை 25. ஆய்வகத்தைத் திறக்காமலேயே 25க்கு 25 போட்டுவிடுகிற வழக்கம் சில இடங்களில் உண்டு. பிள்ளைகளிடம் "அமிலத்தையும் காரத்தையும் எப்படிக் கண்டுபிடிப்பாய்" என்று கேளுங்கள். லிட்மஸ் தாளைக் கையால் தொட்ட பிள்ளை கண்ணை விரித்துக்கொண்டு சொல்லும். படித்துவிட்டுச் சொல்கிற பிள்ளை வரிசையாக ஒப்பிக்கும்.

ஒன்று ஞாபகம் வருகிறது. நம் மண் ஒரு காலத்தில் கடலடியில் இருந்தது என்று சொல்வார்கள் இல்லையா, வாரணவாசியில் அதற்கென்றே புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது. என்னோடு வேலை பார்த்த அறிவியல் ஆசிரியை ஒருவர் மழை விட்ட மறுநாள் பிள்ளைகளை ஓடைக்குக் கூட்டிப் போவார். சுருள் சுருளாக இருக்கும் நத்தைக் கல்லைப் பொறுக்கிக்கொண்டு வருவார்கள். எங்கள் பள்ளி ஆய்வகத்தில் நுண்ணோக்கி ஒன்றுதான், அதுவும் கண்ணாடி கீறல். ஆனால் ஜன்னல் திண்டு முழுக்க அந்தக் கற்கள், ஒவ்வொன்றின் கீழும் எடுத்த பிள்ளையின் பெயர். அப்படி ஒரு ஜன்னல் திண்டு தென்பட்டால் யோசிக்காமல் சேர்த்துவிடுங்கள்.

#12 முந்திரிக்கொல்லை
29 மே 2025, இரவு 9.50

மன்னிக்க வேண்டும், இரண்டு பள்ளிக்கும் போய் வந்துவிட்டு எழுதலாம் என்று இருந்தேன். ஆன்லைன் சென்டர் தம்பி யூடைஸ் அட்டையை எடுத்துக் கொடுத்தான்.

பக்கத்து ஊர் உயர்நிலைப் பள்ளியில் ஒன்பதிலும் அடுத்த வருடம் பத்திலும் ஏறக்குறைய அதே எண்ணிக்கை. இரண்டு பேர்தான் குறைவு. யார் என்று விசாரித்தேன். ஒரு குடும்பம் கோயம்புத்தூருக்குப் போய்விட்டது, ஒரு பெண்ணுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. அந்த இரண்டாவதைக் கேட்டு மனசு கஷ்டமாகிவிட்டது. ஆனால் பள்ளி யாரையும் துரத்தவில்லை. டவுன் பள்ளியில் குறைந்திருப்பது கொஞ்சம் கூட. பெரிய பள்ளி, நாலாபக்கமும் இருந்து வருகிறார்கள், அதனால்கூட இருக்கலாம்.

டவுன் பள்ளிக்கு அட்மிஷன் நாளில் போனேன். கட்டடம் நன்றாக இருக்கிறது, ஹைடெக் லேப் இருக்கிறது, கணக்குக்கு நான்கு ஆசிரியர்கள். ஒன்பதாம் வகுப்புக்கு ஐந்து பிரிவு. நல்ல மாதிரியாகத்தான் பேசினார்கள். சுண்ணாம்புக்கல் ரோடு அண்ணன் சொன்னபடி ஐந்தரைக்கு பஸ் ஸ்டாண்டில் நின்று பார்த்தேன். எங்கள் ஊர்ப் பக்கம் போகிற பஸ் ஆறே முக்காலுக்கு வந்தது. அதிலிருந்து இறங்கி வீட்டுக்கு முந்திரிக்காட்டு வழியே முக்கால் கிலோமீட்டர் நடை. மே மாதத்திலேயே மங்கிவிட்டது.

உயர்நிலைப் பள்ளிக்குப் பாப்பாவையும் கூட்டிக்கொண்டு போனேன். லீவு நாளென்றாலும் தலைமையாசிரியரும் கணக்கு டீச்சரும் இருந்தார்கள். ஆய்வகம் என்று தனி அறை இல்லை, ஒன்பதாம் வகுப்பறையின் பின்பக்கம் இரண்டு அலமாரி. நான் பூட்டைத்தான் பார்த்தேன். துருப்பிடிக்கவில்லை, சாவி பட்டுப் பட்டு ஓட்டையைச் சுற்றிப் பளபளவென்று இருந்தது. கணக்கு டீச்சர் பாப்பாவைக் கூப்பிட்டு, ஒரு பழைய கேள்வித்தாளைக் கொடுத்து ஒரு கணக்கைப் போடச் சொன்னார்கள். பாப்பா பாதியில் தப்பு விட்டுவிட்டாள். டீச்சர் உடனே திருத்தவில்லை. "இந்த வரில இருந்து மறுபடி பாரு" என்று விரலை வைத்தார்கள், அவ்வளவுதான். அவளே கண்டுபிடித்துவிட்டாள். வரும்போது வழியெல்லாம் அதையே பேசிக்கொண்டு வந்தாள்.

ஆனால் டீச்சர் அங்கே வந்து ஆறு வருடம் ஆகிறதாம். மாறுதல் பற்றிக் கேட்டேன். "சொந்த ஊர் நாகப்பட்டினம் பக்கம், கேட்டிருக்கேன், கிடைக்குமான்னு தெரியல" என்று ஒளிக்காமல் சொன்னார்கள்.

#13 உடையார்பாளையம்_குவைத்
30 மே 2025, காலை 11.15

அக்கா, முதல் நாள் நான் எழுதியது அவசரத்தில் எழுதியது. என்எம்எம்எஸ், 7.5 இரண்டும் எனக்குத் தெரியாது. என் அண்ணன் பையனும் எட்டு வரை அரசுப் பள்ளிதான், அவனுக்கும் அந்த வாய்ப்பு போய்விட்டது என்று இப்போதுதான் உறைக்கிறது. ஒரு சந்தேகம். உயர்நிலைப் பள்ளியில் ஆங்கில வழி இருக்கிறதா? தமிழ் வழியில் படித்தால் ப்ளஸ் ஒன்னில் திணறுவார்கள் என்கிறார்களே.

#14 ஆண்டிமடம்_டீச்சர்
30 மே 2025, மாலை 6.05

ப்ளஸ் ஒன்னும் தமிழ் வழியில் படிக்கலாம், கல்லூரி முதல் வருடம்தான் கொஞ்சம் திணறல் இருக்கும், ஆறு மாதத்தில் பிடித்துக்கொள்வார்கள். பல சின்னப் பள்ளிகளில் ஆங்கில வழி என்று பெயர் இருந்தாலும் இரண்டு வழிப் பிள்ளைகளையும் ஒரே அறையில் உட்கார வைத்துத் தமிழில்தான் நடத்துகிறோம், ஆள் இல்லாததால். பிள்ளைக்குப் புத்தகம் ஒரு மொழியில், பாடம் ஒரு மொழியில். அதைவிட முழுசாகத் தமிழ் வழியே மேல். பின்னால் அரசு வேலைக்குப் போனால் முதலிலிருந்து தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமையும் உண்டு.

#15 முந்திரிக்கொல்லை
3 ஜூன் 2025, மாலை 7.20

நேற்று பள்ளி திறந்ததும் உயர்நிலைப் பள்ளியில் சேர்த்துவிட்டேன். தமிழ் வழி. இரண்டு வருடம் வீட்டிலிருந்து நடந்து போய் வரட்டும். மதியச் சாப்பாடும் பத்து வரை அங்கேயே உண்டு. ப்ளஸ் ஒன்னுக்கு டவுன் மேல்நிலைப் பள்ளி, முதல் குரூப். அதற்குள் அவளும் பெரியவளாகிவிடுவாள், அந்த மாலை பஸ்ஸுக்கு நானும் ஏதாவது வழி பண்ணிவிடுவேன். எல்லாருக்கும் நன்றி. அண்ணிக்கு வருத்தம்தான், 7.5 விஷயத்தைச் சொன்னதும் சரி என்றார்.

#16 முந்திரிக்கொல்லை
17 ஆகஸ்ட் 2025, இரவு 8.30

பழைய இழையிலேயே எழுதுகிறேன். கலந்தாய்வில் கணக்கு டீச்சருக்குச் சொந்த ஊர்ப் பக்கமே இடம் கிடைத்துவிட்டது. ஜூலைக் கடைசியில் போய்விட்டார்கள். பிள்ளைகள் எல்லாம் அழுதார்கள். டீச்சருக்கு நல்லதுதான், ஆறு வருடம் குடும்பத்தை விட்டு இருந்தவர்கள். ஆனால் அதற்குப் பிறகு கணக்குக்கு ஆள் வரவில்லை. ஆண்டிமடம் டீச்சர் அன்றைக்கே சொன்னீர்கள்.

மேலாண்மைக் குழுவில் பேசினோம். நேற்று முன்தினம் கிராம சபையில் பெற்றோர்கள் இருபத்தேழு பேர் கையெழுத்துப் போட்டு மனு கொடுத்தோம். தீர்மானத்தில் ஏற்றியிருக்கிறார்கள். வேறு பள்ளியிலிருந்து மாற்றுப்பணியில் ஒருவரை வாரத்துக்கு மூன்று நாள் அனுப்புவதாகத் தலைமையாசிரியர் சொல்கிறார். பத்தாம் வகுப்புக்கே அந்த மூன்று நாளும் போய்விடும், ஒன்பதுக்கு என்ன கிடைக்கும் என்று தெரியவில்லை. ப்ளஸ் ஒன்னுக்கு இனிப் பொதுத்தேர்வு இல்லை என்று இந்த மாதம் அறிவித்துவிட்டார்கள், பத்தாம் வகுப்புக்கு இருக்கிறதே. பாப்பா அந்தப் பழைய கேள்வித்தாளை இன்னும் நோட்டுக்குள் வைத்திருக்கிறாள்.

கணக்காசிரியர் ஐயா, ஏதாவது வழி இருந்தால் சொல்லுங்கள்.

#17 ஓய்வுபெற்ற_கணக்காசிரியர்
18 ஆகஸ்ட் 2025, காலை 6.10

தலைமையாசிரியரிடமும் மேலாண்மைக் குழுவிடமும் அனுமதி கேட்டு வையுங்கள் அம்மா. எனக்கு சம்பளம் எதுவும் வேண்டாம். சனிக்கிழமை காலை 9.40 பஸ்ஸில் உங்கள் ஊர் நிறுத்தத்தில் இறங்கிக்கொள்கிறேன். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லாரும் வரட்டும், கணக்கு வராத பிள்ளைகள் முதலில் வரட்டும். பள்ளி திறக்க முடியாது என்றால் கோயில் மண்டபம் போதும். கிராஃப் நோட்டும் ஸ்கேலும் கொண்டுவரச் சொல்லுங்கள், சாக்பீஸ் நான் வாங்கி வருகிறேன்.